வெல்வெட் ஆசனம்

சிவப்பு வெல்வெட் ஆசனத்துக்கு முன்னால் வந்ததும் கத்பர்ட் பெல்லிங் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தேவாலயத்தில்கூட அவர் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை.

"பாத்துக்க தம்பி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தை ஆண்ட டியூடர் ராஜா உக்காந்த இடம். எங்க மூதாதை ஆம்ப்ரோஸ் பெல்லிங் இதுக்குப் பக்கத்துலதான் நின்னாரு."

டேரன் தலையாட்டினான். இதே அரண்மனையில், பார்க்க வருகிறவர்களுக்கான கழிப்பறைகளைக் கழுவுகிறவன் அவன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று பெல்லிங்கின் மகள் ரோவினா ஒற்றைக்காலில் நின்றாள். குலப்பெருமையைக் கண்ணால் பார்த்தால் பையன் தானாக ஒதுங்கிவிடுவான் என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மழையிலும் பெல்லிங் இருவரையும் இழுத்து வந்திருந்தார்.

ராணிகூட எட்டிப் பார்க்க முடியாத உள்ளறையாம் இது. காலையில் ராஜா கதவைச் சாத்திக்கொண்டால் கூட இருக்க அனுமதி பெற்ற ஒரே ஆள் ஆம்ப்ரோஸ்தானாம். மந்திரிகளே அவர் தயவுக்குக் கைகட்டி நின்றார்களாம். பெல்லிங் சொல்லிக்கொண்டே போனார்.

டேரன் நெளிந்தான். "சார், அடுத்த அறைக்குப் போயிரலாமே. அங்க படமெல்லாம் நல்லா இருக்கும்."

பையன் நழுவப் பார்க்கிறான் என்று பெல்லிங்குக்கு உச்சி குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? அறைக்குக் காவல் நின்ற அம்மாளை அழைத்து, ஆம்ப்ரோஸ் பெல்லிங் பார்த்த வேலை என்னவென்று இந்தப் பையன் காதில் விழும்படி சொல்லச் சொன்னார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. அவரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே கையுறையை மாட்டினாள். ஆசனத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் ஆசனத்தின் மேல்பலகையைத் தூக்கினாள். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அதற்கடியில் ஒரு பானை.

"ராஜா காலைக்கடன் முடிச்சதும் துடைச்சுவிடுறது அவர் பொறுப்பு சார். அந்தக் காலத்துல இந்த வேலைக்கு அவ்வளவு போட்டி."

பெல்லிங் ஆசனத்தைப் பார்த்தார், பிறகு டேரனைப் பார்த்தார். பாவம், அவனோ தனக்கு எதுவுமே கேட்காதது போல ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ரோவினா மெல்ல அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இவரு வெறும் பீங்கானைத்தானே துடைக்கிறாரு, அப்பா?"