புறவாசல் மூலை

மண்ணுக்குள் கம்பி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் புறவாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டம் இருந்த இடம் முழுக்க இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருந்தார்கள். மின்சாரம் பாய்ச்சி மண்ணை உள்ளுக்குள்ளேயே பழுக்கக் காய்ச்சப் போகிறார்களாம். மண்ணில் ஊறிக் கிடக்கும் ஃபுளோரின் நஞ்சு ஆவியாக மேலே வருமாம். அதைக் குழாயில் பிடித்து, தனியே கொண்டுபோய் அழிப்பார்களாம்.

மழைக்கும் வெயிலுக்கும் அது அசையாது. மக்கவும் மக்காது. பெரும் சூட்டுக்குத்தான் பணியும் என்கிறார்கள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

அந்த நஞ்சு, தீயை அணைக்க வந்த நுரையில் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கிடங்கு. அங்கேதான் அவர் தீயணைப்பு வீரராக இருந்தார். குழியில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, நுரையடித்து அணைத்துப் பழகுவார்கள். சுவரடி ஓட்டை வழியாக நுரை இந்தக் குடியிருப்புக்குள் வழியும். பிள்ளைகள் விழுந்து புரளும். யாரும் தடுத்ததில்லை. சோப்பு நுரைதானே என்று இருந்தார்கள்.

அவர் ஒரு படி மேலே போனார். நுரை மருந்து வந்த காலி கேன்களை வீட்டுக்குத் தூக்கி வந்தார். கெட்டி கேன், லேசில் உடையாது. நாலு தடவை அலசிவிட்டுக் குடிதண்ணீர் பிடித்து வைத்தார். எதிர்வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று கேட்டார். பெருமையாகக் கொடுத்தார்.

மனைவி வடிவு அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

மாசமாக இருந்தபோதும்.

பொறியாளர் பர்வீன் வரைபடத்தோடு வந்தாள்.

"மண்ணுக்குள்ள வேற ஏதும் இருக்கா சார்? பழைய தொட்டி, பைப்பு?"

அவர் கிழக்கு மூலையைப் பார்த்தார்.

"அங்க எங்க பிள்ள இருக்கா" என்றாள், பின்னால் வந்து நின்ற வடிவு.

பெண் குழந்தை. உள்ளங்கை அகலம்தான் முதுகு. பிறந்த அன்றே போய்விட்டாள். தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பச்சைப்பிள்ளையைத் தீயில் வைக்கிற வழக்கம் இல்லை. அவரே குழி தோண்டி அந்த மூலையில் வைத்தார்.

பர்வீன் வேலையாட்களைக் கைகாட்டி நிறுத்தினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். அந்த மூலையை விட்டுவிடலாம். விட்டால் நஞ்சும் அங்கேயே நிற்கும். தோண்டி வேறிடத்தில் வைக்கலாம் என்றால், இத்தனை வருஷத்துக்குப் பிறகு எடுக்க மண்ணைத் தவிர எதுவும் இருக்காது.

அவருக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்று தெரியவில்லை. தன்மேல்தான்.

எத்தனையோ பேரைத் தீயிலிருந்து இழுத்துப் போட்ட கை அது.

"விட்டுருங்க. அந்த மூல அப்படியே இருக்கட்டும்."

வடிவு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இன்னமுமா அந்தத் தண்ணிக்குள்ளயே கெடக்கணும் அவ?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வேலையாட்கள் காத்திருந்தார்கள். கடைசியில் அவர் சரியென்று தலையை ஆட்டினார். கிழக்கு மூலையிலும் கம்பி இறங்கியது.

சூடேற்றுகிற அன்று காலையில் பர்வீன் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் இருவரும் இங்கே இருக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள்.

"இல்லம்மா" என்றார் அவர். "சுவிட்ச நான் போடுதேன்."

பர்வீன் மின்பெட்டியைத் திறந்து, எது என்று காட்டினாள்.

அவர் குளித்திருந்தார். ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

போட்டார்.

வடிவு அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் நடத்தினாள். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

புகை இல்லை. தீ இல்லை.

அணைக்க ஒன்றுமே இல்லை.