பெயரில்லாத சீட்டு

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். மழை பெய்யவில்லை; பெய்யப்போவதாக வானம் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆலயத்தின் பின்னறையில் போதகர், தம்மைப் பணியிலிருந்து நீக்கும் தீர்மானத்தை இரண்டாம் முறையாக வாசித்து முடித்தார்.

"ஒரு தப்பு இருக்கே," என்றார்.

செயலாளர் நிமிர்ந்தார். நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்தவர். அவருடைய தாளில் எவரும் தப்புக் கண்டதில்லை. "எங்கே?"

"'சபையின் மனத்தைப் புண்படுத்தினார்'னு இருக்கு. சபையில முந்நூறு பேர். இங்க கமிட்டியில அஞ்சு பேர்தானே?"

"அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டா அதுதான் சபை. விதி அப்படி."

நான்கு கையெழுத்துகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. ஐந்தாவதாகப் போட வேண்டியவர் தச்சர். அவர் சுவரோர நாற்காலியில் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றம் இதுதான். ஆலய வாசலில் ஒரு விண்ணப்பப் பெட்டி உண்டு. யாரும் சீட்டு எழுதிப் போடலாம். பெயர் எழுதக் கூடாது. எழுதியவர் யாரென்று எவரும் கேட்கக் கூடாது. ஆராதனையில் போதகர் எதையும் தள்ளாமல் வாசித்து ஜெபிப்பார். பதினொரு வாரமாக ஒரே வாசகம் வந்துகொண்டிருந்தது: 'ஜெயிலில் இருக்கும் வேன் டிரைவருக்காக ஜெபிக்கவும்.'

குடித்துவிட்டு வேன் ஓட்டிய அந்த டிரைவர் மோதிக் கொன்றது, தச்சரின் ஒரே மகளை.

"யார் எழுதுறான்னு எல்லாருக்கும் தெரியும்," என்றார் செயலாளர். "டிரைவரோட அம்மா. கடைசி பெஞ்சுல வந்து உட்கார்ந்துட்டுப் போகுதே, அந்த அம்மாதான்." அன்று காலை வந்த சீட்டை விரல்நுனியால் மேசையில் தள்ளினார். பென்சில் எழுத்து, ஒரு கோடு தடிப்பும் மறுகோடு மெலிவுமாக, தாள் குழியும்படி அழுத்தி எழுதியது. "ஒரு பேனா வாங்க வக்கில்லை. ஊரே ஜெபிக்கணுமாம்."

"யார்னு கேட்கிறதே தப்புங்க. பெட்டியில விழுந்தா வாசிப்பேன்."

அந்தத் தாய்தான் எழுதுகிறாள் என்றே போதகரும் நினைத்திருந்தார். நினைத்ததை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாடகர் குழுத் தலைவிக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு இரக்கமே கிடையாதா பாஸ்டர்? நீங்க அந்தச் சீட்டைக் கையில எடுத்தாலே இந்த அண்ணன் எழுந்து வெளியே போயிடுறார். பதினொரு வாரமும்! வாசல்ல தனியா நிக்கிறார். நாங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"நானும் பார்க்கிறேன்மா. ஒவ்வொரு வாரமும் நெஞ்சை அறுக்குது."

"அப்போ நிறுத்துங்களேன்!"

"பகைவனுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு நானா சொன்னேன்? மலைமேல உட்கார்ந்து ஒருத்தர் சொன்னார். நோட்டீஸ் அனுப்பணும்னா முதல்ல அவருக்கு அனுப்புங்க. விலாசம் செயலாளர்கிட்ட இருக்கும்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். செயலாளரின் முகம் கடுகடுத்தது.

"கடைசியாக் கேட்கிறேன். அந்தச் சீட்டை இனிமே வாசிக்க மாட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. இந்தத் தாளை நானே கிழிச்சிடுறேன். இல்லேன்னா மாசக் கடைசியில சபை வீட்டைக் காலி பண்ணணும். பிள்ளைங்களுக்குப் பரீட்சை நேரம் வேற. யோசிச்சுக்குங்க."

போதகர் யோசித்தார். முந்தின நாள் மாலையே மனைவி கடைக்குப் போய் ஆறு அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து அலமாரிக்கருகே அடுக்கிவிட்டிருந்தாள். அவளே அவ்வளவு தெளிவாக இருக்கும்போது அவர் யோசிக்க என்ன இருக்கிறது?

"எழுத மாட்டேன். அடுத்த ஞாயிறு சீட்டு விழுந்தா, அடுத்த ஞாயிறும் வாசிப்பேன். வேணும்னா மேடையிலேருந்து நாலு பேரா வந்து தூக்கிக்கிட்டுப் போங்க."

செயலாளர் தீர்மானத்தைத் தச்சர் முன் கொண்டுபோய் வைத்தார். குரல் தணிந்தது. "போடுங்கண்ணே. உங்களுக்காகத்தான் இவ்வளவும்."

தச்சர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். "என் மனசைப் பத்தி நிறைய எழுதியிருக்கீங்க," என்றார். "என்னை ஒரு வார்த்தை கேட்கலியே."

"இதையெல்லாமா வந்து கேட்கிறது? இந்தாங்க பேனா."

நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது. தச்சர் சட்டைப்பையிலிருந்து, மரத்தில் அளவு குறிக்கும் பட்டைப் பென்சிலை எடுத்தார். தாளைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில், ஒரு கோடு தடிப்பும் மறுகோடு மெலிவுமாக, ஒரு வரி எழுதி, நான்காக மடித்துப் போதகர் கையில் கொடுத்தார்.

போதகர் பிரித்தார். வாசகம் அவருக்கு மனப்பாடம். முந்தைய பதினொரு சீட்டிலும் இல்லாத ஒன்று மட்டும் கீழே இருந்தது: கையெழுத்து.

தச்சர் வழக்கம்போல் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். நிலைப்படியில் நின்றார், திரும்பவில்லை.

"அவனுக்காக ஜெபிக்க எனக்கு இன்னும் வாய் வரலை, ஐயா. நீங்க வாசிங்க."