முப்பத்தோராம் நாளுக்குள்

"செலரன் காணும் புள்ள, ரெண்டும் எழுத்துத்தானே அடிக்கும்…" "எழுத்து மட்டுமா அடிக்கிறம்? படம் ஆர் போடுற?" காத்தான்குடியில் மர்சூக்கின் கம்ப்யூட்டர் கடைக் கண்ணாடி மேசையில் இரண்டு சிப் பெட்டிகள் கிடக்கின்றன. விலை குறைந்த செலரனே போதுமென்று நல்லரத்தினத்தின் விரல் அதன் பெட்டியைத் தட்டுகிறது. மனைவி அன்னப்பூரணியின் உள்ளங்கை மற்றதை மூடியிருக்கிறது. "பென்ரியம் பன்னிரண்டாயிரம் கூடத்தான். ஆனா படம் டக்கெண்டு திறக்கும் அக்கா" என்கிறான் மர்சூக். தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் தொங்குகிறது. தெருவில் ஒரு ட்ரக் வண்டி போக, கண்ணாடி நடுங்குகிறது. "கரண்டே ரெண்டு மணித்தியாலந்தான் வருது. அதுக்குள்ள என்ன வேகம்?" என்று நல்லரத்தினம் மர்சூக்கைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு அவள் காதைச் சுடுகிறது. "ரெண்டு மணித்தியாலந்தான் வருது எண்டதாலதான் கேக்கிறன்!" வியர்வையில் பெட்டியின் அட்டை கையோடு ஒட்டுகிறது. அவர்களுடைய அச்சுக்கடைக்கு இந்த வருடம் கல்யாணக் கார்டு நாலுதான் வந்தது. மிச்சமெல்லாம் செத்தவர்களின் படம் போட்டு முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலர். கைப்பையைத் திறந்து, இரட்டைப் பின்னலும் கழுத்தில் பள்ளிக்கூட ரையுமாய் ஒரு பெண்பிள்ளையின் படத்தை எடுத்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வைக்கிறாள். மர்சூக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். நல்லரத்தினத்தின் விரல் நிற்கிறது. "சீதேவியக்காட மகள். பிள்ளட மலர் அடிக்க இருந்த மூண்டு நாளும் நம்மட பழைய கம்ப்யூட்டரில படம் திறந்து முடிய முதல் கரண்ட் போச்சு. முகம் வாற கட்டத்த வெறுமையா அடிச்சுத்தானே அந்தத் தாய்ட கையில குடுத்தம்? இந்தப் படத்த நீங்களே கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்க. பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிச்ச கதையையும் அவட முகத்தப் பாத்துச் சொல்லிற்று வாங்க."