மூச்சுப் பை

தம்பி செம்மல் செத்த கதையை அவன் மனைவி அமராவதி சொல்லும்போதெல்லாம் ஆத்மநாதன் கூடவே இருப்பார். நாலு வருடமாகக் கேட்கிறார். ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை.

இன்றைக்குக் கேட்க வந்தவர் கட்டுமாவடிக்காரர் திருப்பதி. மனைவி சொர்ணவல்லிக்கு மாற்று நுரையீரல் வைத்து எட்டு மாதம். கையில் ஆஸ்பத்திரி கொடுத்த பிளாஸ்டிக் பை.

"மாசாமாசம் இதுல ஊதி அனுப்பணுமாம். புது நுரையீரலை உடம்பு ஒதுக்க ஆரம்பிச்சா மூச்சுலயே தெரிஞ்சிருமாம். ஒங்க வீட்டுக்காரரும் மாத்து நுரையீரல் வச்சு இப்படி ஊதுனாராமே?"

"கந்தர்வக்கோட்டைக்கு மூணு பஸ் மாறி வந்திருக்கீங்க, ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? ஆறு மாசமும் நல்லாருக்குன்னுதான் ரிசல்ட்டு வந்துச்சு. ஏழாம் மாசம் ஆளு இல்ல."

திருப்பதி பையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு கேளுங்க. ஒருநாள் போன் பண்ணி, 'ஒங்க வீட்டுக்காரர் பீடி குடிக்கிறாரா, மூச்சுல தெரியுதே'ங்கிறாங்க. பீடியைக் கையால தொடாத மனுசனுங்க! அந்த மெஷினும் அது லட்சணமும்!"

ஆத்மநாதனின் கை சட்டைப் பையைத் தடவியது. தம்பி செத்த அன்றைக்கே பீடியை விட்டாயிற்று. கை மட்டும் இன்னும் தேடுகிறது.

"சொர்ணவல்லிக்கு ஒரு வாரமா படி ஏறுனா மூச்சு வாங்குது..." திருப்பதி இழுத்தார். "அப்ப, ஊத வேணாங்கிறீங்களா?"

"ஒங்க இஷ்டம். நான் நம்ப மாட்டேன்."

திருப்பதி பையை மடிக்கத் தொடங்கினார்.

இதே மாதிரிப் பையைத்தான் அன்றைக்குச் செம்மல் நீட்டினான். 'நீ ஊதிக் குடுண்ணே. ரிசல்ட்டு மோசமா வந்தா மறுபடி மெட்ராசு. ஏற்கெனவே பதினாலு மாசம் ஆஸ்பத்திரி வராண்டாவுல கெடந்துட்டா அவ. இன்னொரு தடவை வேணாம்.'

ஆறு பை. ஆறும் அண்ணன் ஊதியது.

"மடிக்காதீங்க," என்றார் ஆத்மநாதன். "மெஷின் பொய் சொல்லல. அதுல இருந்தது என் மூச்சு. இந்தப் பையில அந்தம்மாவே ஊதட்டும்."

திருப்பதி திகைத்து நின்றார். அமராவதி திகைக்கவில்லை. தலை குனிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்து, நாலு வருடமாகத் தொண்டையில் நின்றதை அவர் கேட்டார்:

"அமராவதி, நான்தான் ஊதுனேன்னு தெரிஞ்சேதான், என்னையச் சொல்லக் கூடாதுன்னு இத்தனை நாளும் மெஷினைத் திட்டுனியா?"