மூன்றாம் ஓலை

குருவானவர் எஸ்றா கல்யாண ஓலையை விரித்தபோது என் ஃபோன் அதிர்ந்தது.

பைபிளுக்குள் மறைத்துத் திறந்தேன். சபை ஆப்பில் புதிதாக ஒரு ஜெப விண்ணப்பம் வந்திருந்தது.

"பெண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதம் இல்லை."

அவர் வாசிக்கப்போவது என் அக்காள் பெனிஷாவின் ஓலை. மாப்பிள்ளை ஷாம், துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். தடை உண்டா என்று மூன்று ஞாயிறு சபையைக் கேட்பார்கள். இன்றைக்கு மூன்றாவது. ஒருவரும் தடை சொல்லாவிட்டால் வியாழக்கிழமை கல்யாணம்.

வருகிற விண்ணப்பங்களை எல்லாம் ஆராதனை முடிவில் குருவானவர் சத்தமாக வாசிப்பார். போன வாரம்வரை சனிக்கிழமை நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்று முதல் நேராக அவர் டேப்லெட்டுக்கே போகிறது. பெருமை பீற்றிக்கொண்டு நானேதான் அப்படிச் செய்து கொடுத்தேன்.

சபைக்கு நான் செய்த ஆப் அது. கற்றுக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு காம்போனென்டை, அதாவது திரையின் ஒரு துண்டை, ஒழுங்காகச் செய்துவிட்டால் எல்லாத் திரைக்கும் அதையே போடலாம் என்று வீடியோவில் சொன்னார்கள். ஜெப விண்ணப்பத்துக்கு ஒன்று செய்தேன். மேலே தலைப்பு, கீழே எழுதுகிற கட்டம். கட்டத்துக்குள் ஒரு வரி: உங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

பிறந்தநாள், பாடகர் குழு, கல்யாண ஓலை, எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். மற்றத் திரைகளில் எழுதுகிற கட்டத்தை மறைத்துவிட்டேன். ஓலையில் மறந்துபோனேன், மடச்சி.

இப்போதுதான் பார்க்கிறேன். மூன்று வாரமாக பெனிஷா பெயருக்கும் ஷாம் பெயருக்கும் கீழே அந்தக் கட்டம் ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறது. அதில் எழுதினாலும் ஜெப விண்ணப்பமாகத்தான் வந்து சேரும்.

எவளோ வயிற்றெரிச்சல் பிடித்தவள் அதில் எழுதிவிட்டாள். தேவமணி அத்தையை முறைத்தேன். ஷாமைத் தன் மகளுக்குக் கேட்டுக் கிடைக்காதவள். அவள் இரண்டு கையாலும் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, கோயில்ல வச்சி ஃபோன நோண்டாத. அக்காளப் பாரு, எவ்வளவு அடக்கமா இருக்கா!"

எனக்கும் அக்காளுக்கும் நடுவில் இருந்த அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அழித்துவிடலாம். ஒரு தட்டுதான். டேப்லெட்டிலும் மறைந்துவிடும். அக்காள் மானம் தப்பும்.

"இவர்கள் விவாகத்துக்கு நியாயமான தடை எதையாவது உங்களில் யாரேனும் அறிந்திருந்தால் இப்பொழுதே சொல்லுங்கள். இது மூன்றாம் முறை."

கேட்டுவிட்டுக் குருவானவர் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அதுதான் வழக்கம். மில்லர்புரம் கோயிலின் பழைய ஃபேன்கள் மட்டும் கடகடவென்று ஓடின.

அழிக்குமுன் ஆள் யாரென்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பெயர் வராது. ஆனால் எந்த ஃபோன் என்று எனக்கு மட்டும் காட்டும்.

டெஸ்ட் 1.

அப்பாடா, என் குப்பை! 'அஆஇ', 'ஹலோ ஹலோ' என்று நான் தட்டிச் சோதித்துப் பார்ப்பது டெஸ்ட் 1-இல்தான். போன இரண்டு சனிக்கிழமையும் அந்தப் பெயரில் கிடந்ததை எல்லாம் திறந்துகூடப் பார்க்காமல் மொத்தமாக அழித்தேன்.

விரலை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இப்படி ஒரு வரியை நான் எழுதவில்லையே.

என் ஓட்டை ஃபோனில் சோதனைக்கெல்லாம் இடம் கிடையாது. டெஸ்ட் 1, சோதித்துப் பார்ப்பதற்காக நான் இரவல் வாங்குகிற ஃபோன்.

அம்மாவைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். அக்காள் மடியிலும் பைபிள் விரிந்திருந்தது. அதற்குள் இருந்து வந்த வெளிச்சம் அவள் கட்டைவிரலில் விழுந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் என்ன எழுதியிருப்பாள்? அதற்கு முந்தின வாரம்? ஐயோ, பாவி நான்.

குருவானவர் ஓலையை மடிக்கத் தொடங்கினார்.

அம்மா கையை உதறிவிட்டு எழுந்தேன்.

"ஐயா, தடை இருக்கு. மூணு வாரமா இருக்கு."