இரண்டாவது குழு

"புத்தகம் தொலைஞ்சு போச்சா? போன மாசம்தானே கொடுத்தேன்!"

நர்சுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஸ்ட்ரோக் வந்து கை விழுந்தவர்கள் வீட்டிலேயே செய்யவேண்டிய பயிற்சிகளை, ஒவ்வொரு படமாக அவளே வரைந்து தயாரித்த புத்தகம் அது. அவளுடைய மேல்படிப்பு ஆராய்ச்சியே அதை நம்பித்தான் இருந்தது.

"என்னைக் கேட்டா? அவரைத்தான் கேக்கணும்" என்றாள் பஸ் டிரைவரின் மனைவி. "பத்து மணிக்குக் கம்பை ஊன்றிக் கிளம்பினா ஒரு மணிக்குத்தான் வர்றார். எங்க போறீங்கன்னு கேட்டா, வாய் வரலைன்னு கையைக் காட்டறார். சாப்பாடு கேக்க மட்டும் வாய் வருது!"

"பயிற்சி செய்றாரா, இல்லையா?"

"என் கண்ணு பார்க்கச் செஞ்சதில்ல. எங்கயாவது உக்காந்து சீட்டாடறாரோ என்னவோ."

'ஒத்துழைப்பு இல்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள் நர்ஸ்.

மொத்தம் நாற்பது நோயாளிகள். சீட்டுக் குலுக்கியதில் இருபது பேருக்குப் புத்தகமும் பயிற்சியும் கிடைத்தன. இரண்டாவது குழுவில் விழுந்த இருபது பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மூன்று மாதம் கழித்து இரண்டு குழுவையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

'இத்தனை பேரில் அதிர்ஷ்டம் அடிச்சது இவருக்கு. குரங்கு கையில பூமாலை!' என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தெரு தள்ளியிருந்த டெய்லர் வீட்டுக்குப் போனாள். அவர் இரண்டாவது குழு.

கதவு திறந்திருந்தது. உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜைமேல் ஒரு துண்டு. அதன் ஒரு முனையில் டெய்லரின் விழுந்த இடது கை, மறுமுனையில் டிரைவரின் விழுந்த வலது கை. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தையல் மெஷின்மேல் அவளுடைய புத்தகம் விரிந்து கிடந்தது.

"விடாதீங்க... இ... இழுங்க!" என்றார், வாய் வராத டிரைவர்.

"வாங்க சிஸ்டர்!" டெய்லருக்கு முகமெல்லாம் பல். "இந்தக் கை துணியைப் பிடிக்குது பாருங்க! அண்ணன்தான் தினமும் வந்து சொல்லிக் கொடுக்கறார். ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துப் படுக்கை நாங்க."

"ஐயோ, கெடுத்துட்டீங்களே! இவருக்கு இப்ப சொல்லித் தரவே கூடாது. என் ஆராய்ச்சி என்ன ஆகறது? மூணு மாசம் முடிஞ்சதும் இவருக்கும் நாங்களே தருவோமில்ல?"

டிரைவர் பதில் சொல்ல முயன்றார். நெற்றியில் வேர்த்ததே தவிர வார்த்தை வரவில்லை. புத்தகத்தை இழுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி, அவள் எழுதியிருந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

'முதல் மூன்று மாதம்தான் பொன்னான காலம். ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.'

நர்ஸ் இருவருடைய பிடியையும் கருவியில் அளந்தாள். டிரைவரின் பிடி முன்னைவிட இரண்டு மடங்காகியிருந்தது. 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியதை அடித்தாள்.

மறுநாள் பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் 'அடி ஸ்கேல்'. கோடு கொஞ்சம் கோணினாலும் அடி விழும்.

"ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடு. என்ன நடந்ததுன்னு ஒளிக்காம எழுது."

"டிரைவர் நல்லாத் தேறியிருக்கார் மேடம். அவரையாவது..."

"நமக்குப் பிடிச்ச கணக்கை மட்டும் வெச்சுக்கிட்டா அதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்ல, அலங்காரம்."

"புத்தகம் டெய்லர் வீட்டுல இருக்கு மேடம். வாங்கிட்டு வந்துடவா?"

"கெட்டது கெட்டுப்போச்சு. அங்கேயே கிடக்கட்டும். அந்த டிரைவரை நாளைக்கு என்னை வந்து பார்க்கச் சொல்லு. ரெண்டாவது குழுவுல வேற யார் வீட்டுலயும் கால் வைக்கக் கூடாதுன்னு நானே கண்டிச்சுச் சொல்றேன்."

செய்தி கேட்டு டிரைவரின் மனைவி போனில் கலங்கினாள்.

"ரொம்பத் திட்டுவாங்களா சிஸ்டர்? அங்க போய்ச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சப்புறம்தான் மனுஷன் நாலு வார்த்தை பேசறாராம், டெய்லர் சம்சாரம் சொன்னா. இப்ப மறுபடியும் வாயடைச்சுப் போயிடுவாரோன்னு பயமா இருக்கு."

'கல்லு மனசு' என்று பேராசிரியையை மனசுக்குள் திட்டிக்கொண்டாள் நர்ஸ்.

திங்கட்கிழமை வார்டுக்குள் நுழைந்தாள். மூன்றாவது படுக்கையில் ஒரு சமையல்காரர். ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்து முடிந்தபிறகு வந்தவர். சேர்ந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், யார் கூப்பிட்டும் திரும்பவில்லை.

இன்று எழுந்து உட்கார்ந்திருந்தார். துணி கிளிப் ஒன்றை விரலால் அழுத்தப் போராடிக்கொண்டிருந்தார்.

எதிரே ஸ்டூலில் டிரைவர்.

"எ... எனக்கும் இப்படித்தான். நாலு நாள்... அசையவே இல்ல."

நர்ஸ் பதறிப்போய் ஓடினாள்.

"நீங்க எப்படி உள்ள வந்தீங்க? பார்வையாளர் நேரம் சாயங்காலம்தானே? மேடம் பார்த்தா தொலைஞ்சோம்!"

டிரைவர் சிரித்தார். வலது கையை மெல்லத் தூக்கிச் சட்டைப் பைக்குள் விட்டு, அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

'நோயாளிக்கு என்ன உறவு?' என்ற கேள்விக்கு எதிரே, கொஞ்சமும் கோணாத பேராசிரியையின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது:

'ஆசிரியர்.'