கடைசி வீட்டு வடிகால்

“மறுபடியும் கொல்லை குளமா நிக்குது தம்பி. நீங்களே வந்து பாருங்க.”

டீச்சர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். வடிகால்காரர் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனார்.

அந்தப் புதுக் குடியிருப்பின் வடிகால்களைப் பராமரிப்பது அவர் வேலை. வீடுகளுக்குப் பின்னால் கோரை மண்டிய சதுப்பு நிலம். மனை போட்டவர்கள் அதையும் தூர்த்து விற்காமல் விட்டுவைத்ததே பெரிய புண்ணியம். அந்த வரிசைக் கொல்லைகளில் பெய்யும் மழையெல்லாம் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடிவந்து, கடைசி வீடான டீச்சர் வீட்டுக் கம்பி வலையைத் தாண்டிச் சதுப்பில் இறங்கும். வலை அடைத்துக்கொண்டால் முதலில் மிதப்பது டீச்சர் வீடுதான்.

அவர் தண்ணீரில் இறங்கினார். அடைப்பு எங்கே என்று தேடவெல்லாம் இல்லை. குனிந்து கையை விட்டு, ஒரே இழுப்பில் ஒரு கொத்துக் கோரையை உருவிக் கரையில் போட்டார். தண்ணீர் சலசலவென்று வடிய ஆரம்பித்தது.

“கைராசிக்காரர்தான் நீங்க” என்றார் டீச்சர், கோரையைப் பார்த்தபடி.

அப்புறம் வழக்கமான டீ. முதல் தடவை வாசற்படியில் நின்றபடியே குடித்தவருக்கு இப்போது சமையலறை மேசையில் ஒரு நாற்காலியே சொந்தமாகிவிட்டது. டீச்சரின் வீட்டுக்காரர் இங்கே குடிவந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். வடிகால்காரர் கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஒண்டிக்கட்டை. குடியிருப்பின் நுழைவாசலை ஒட்டி அவருக்கு ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ரேடியோ. மற்ற வீட்டுக்காரர்கள் அவரைக் கண்டால் கொசுவைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும் மட்டும்தான் பேசுவார்கள். சாப்பிட்டாரா என்று கேட்க டீச்சரை விட்டால் நாதியில்லை.

இன்று டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு உட்காரவில்லை. போன மாதம் மகன் வந்திருந்தானாம். கொல்லையில் தண்ணீரைப் பார்த்ததும், வழுக்கி விழுந்து கிடந்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்று குதித்தானாம். தன்னோடு வந்துவிடச் சொல்லி, வீட்டை விற்கவும் ஆள் பார்த்துவிட்டானாம்.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“இனிமே தண்ணி நிக்காது டீச்சர். சத்தியமா நிக்காது. உங்க பையன்கிட்ட நானே சொல்றேன்.”

“மழை உங்க பேச்சைக் கேக்குமா?”

“வேற வலை போடறேன். தினமும் வந்து பாத்துக்கறேன். போகாதீங்கக்கா.”

டீச்சர் எப்போது அக்கா ஆனார் என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்திரம் பதிந்தாயிற்று என்றும், வரப்போகிறவர்கள் நல்ல மாதிரியாகத் தெரிகிறார்கள் என்றும் சொன்னார். இனிப் பேச என்ன இருக்கிறது? வடிகால்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கொல்லைக் கதவருகே பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது டீச்சரும் பின்னாலேயே வந்தார். கரையில் கிடந்த கோரையைக் காலால் தள்ளினார்.

“ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. புதுசா வர்றவங்க வீட்டுல இந்த வேலை வேண்டாம். கோரை முளைக்கிறது வலைக்கு அந்தப் பக்கம். தண்ணி ஓடறது இந்தப் பக்கத்துலேர்ந்து. எதிர்நீச்சல் போட்டு வந்து அடைச்சுக்கிச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

பூட்ஸுக்குள் பாதி நுழைந்த கால் அப்படியே நின்றது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“பையன்கிட்ட சொன்னா உங்க வேலைக்கு உலை வெச்சுடுவான். மனசு வரல” என்றார் டீச்சர். “முதல் தடவை அடைச்சது நிஜமாவே இலைதான். அப்புறமெல்லாம் கோரை. தெரிஞ்சேதான் உங்களைக் கூப்பிட்டேன் தம்பி. டீ போட்டுக் குடுக்க எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்துச்சே.”